கும்பகோணம் பக்கத்துப் பழைய வீட்டைப் புதுப்பித்தல்: வடிவமைப்பாளர் ஒன்று சொல்கிறார், மேஸ்திரி வேறு சொல்கிறார்

கேள்வி: அரசலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்கும் வலங்கைமானுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு இருக்கிறது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கப்பால் கொல்லை என்று நம் பக்கத்துக்கே உரிய அமைப்பு. கூடத்தின் மேல் மெட்ராஸ் டெரஸ் தளம். தாழ்வாரங்களுக்கு நாட்டு ஓடு. அம்மாவுக்கு 78 வயதாகிறது. மூட்டுவலியால் கொல்லைக்குச் சென்று வருவது அவருக்கு இயலவில்லை. ஆகவே இரண்டாம் கட்டில் அவரது அறையை ஒட்டி ஒரு கழிப்பறை, நின்று சமைக்க வசதியான சமையலறை, இடுப்பளவுக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்து உதிரும் சுவர்களுக்கு ஒரு தீர்வு ஆகியவற்றை இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் செய்து முடிக்க விரும்புகிறோம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்பவர்கள் பலர். அம்மாவுக்கும் எனக்கும் அதில் சிறிதும் விருப்பமில்லை.

திருச்சியிலிருந்து ஒரு வடிவமைப்பாளரை அமர்த்தியிருக்கிறோம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை முழுவதும் எடுத்துவிடுவது, முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடுவது, தரை முழுவதும் புதிய டைல்ஸ் பதிப்பது என்று அவர் படங்கள் வரைந்து தந்திருக்கிறார். வேலையை எடுத்துச் செய்பவர் உள்ளூர் மேஸ்திரி. ஊரில் பல வீடுகள் அவர் கைப்பட்டவை. நாணயமானவர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அவர் வரைபடத்தை ஒருமுறை பிரித்துப் பார்த்ததோடு சரி. கழிப்பறைக்கு மூன்றடி அகல வாசல் என்று வடிவமைப்பாளர் குறித்திருக்க, ஆயத்தக் கதவு இரண்டரை அடியில்தான் சுலபமாகக் கிடைக்கும் என்று மேஸ்திரி அந்த அளவுக்கே சுவரில் கோடு போட்டுவிட்டார். முற்றத்துத் தண்ணீர் தெருவுக்குப் போகும் வழியையும் மாற்றலாம் என்கிறார். ஓதத்துக்கு, பழைய பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர் புரூஃப் கலந்து சிமென்ட் பூசினால் போதும் என்பது அவர் கருத்து. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு ஒரே விலை சொல்லி, அதில் பாதியை முன்பணமாகக் கேட்கிறார்.

இருவரும் நல்லவர்கள்தாம். ஆனால் தனித்தனியே என்னிடம் தொலைபேசியில் பேசுகிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் எடுத்துச் சொல்வதே என் வேலையாகிவிட்டது. இப்படிப்பட்ட வேலையில் எந்த முடிவை யார் எடுக்க வேண்டும், அந்தச் சுவரை எடுக்கலாமா, பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், திருவாரூர்

அம்மா, வணக்கம். யார் முடிவெடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், எதை வைத்து முடிவெடுப்பது என்ற கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டின் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் என்ன இருக்கிறது என்பதை இருவருமே இன்னும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஒருவர் தாளில் வரைந்திருக்கிறார், மற்றவர் சதுர அடிக்கு விலை சொல்லியிருக்கிறார். பழைய வீட்டில் இவை இரண்டுமே உத்தேசம்தான்.

முதலில் அந்த நடுச்சுவரைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில், கட்டைகளுக்கு மூலைவாட்டமாக, விளிம்பில் நிற்கும்படி நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பது. இதன் எடை அதிகம். அந்த எடை முழுவதும் கட்டைகளின் முனைகள் வழியாகச் சுவரில் இறங்குகிறது. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, அவற்றின் முனை எந்தச் சுவரில் செருகியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். நீங்கள் எடுக்க நினைக்கும் சுவரில் கட்டைகளோ உத்திரமோ வந்து உட்கார்ந்திருந்தால் அது தாங்கு சுவர். அதை முழுவதும் எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. உட்காரவில்லை என்றாலும் உடனே இடித்துவிடலாம் என்று பொருளல்ல. நீண்ட பக்கச் சுவர்களைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுவாகவும் இருக்கலாம்.

சுவரின் உட்பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். நம் பகுதியில் வெளிப்பூச்சு சுண்ணாம்பாக இருந்தாலும் உள்ளே செங்கல்லை மண் சாந்தில் கட்டியிருப்பது மிகவும் வழக்கம். அப்படிப்பட்ட சுவரில் பெரிய திறப்பு வைத்தால், திறப்புக்கு மேலே உள்ள பகுதி பிடிப்பில்லாமல் கொட்டும். எனவே மூன்று நான்கு இடங்களில் ஓரடிக்கு ஓரடி பூச்சைக் கொத்தி எடுத்துப் பாருங்கள். உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். மரம் வெளியே கல்போல் இருந்தும் சுவருக்குள் செருகிய முனை ஓதத்தால் மக்கியிருப்பதையும், கரையான் நடுவைத் தின்றுவிட்டிருப்பதையும் நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சமையலறைக்குக் காற்றும் வெளிச்சமும் கூடத்தோடு தொடர்பும் வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், இரு பக்கமும் போதிய சுவரை விட்டுவிட்டு நடுவில் நான்கடித் திறப்பு மட்டும் வைக்கலாம். அதற்கும் இருபுறமும் முட்டுக் கொடுத்து, இரும்பு ஐ-பீம் செருகி, சாந்து இறுகிய பிறகே சுவரை எடுக்க வேண்டும்.

இதை வரைந்து கையொப்பமிட வேண்டியவர் கட்டமைப்புப் பொறியாளர். உங்கள் வடிவமைப்பாளர் ஆர்க்கிடெக்டா, உள்ளலங்காரம் செய்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம்; பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. உள்ளலங்காரம் செய்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் தாங்கு சுவரைப் பற்றி முடிவு சொல்லும் பொறுப்பை அவர்மேல் ஏற்றக்கூடாது. மேஸ்திரியின் மேலும் ஏற்றக்கூடாது. பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கும். அது இந்த வேலையிலேயே மிகப் பயனுள்ள செலவு.

ஓதத்தைப் பற்றி மேஸ்திரி சொன்னதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் காலத்துச் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடுவதால் கடைக்கால் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டை இழுத்துப் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட் முடியும் உயரத்துக்கும் மேலே ஏறி அங்கே உப்பைக் கக்கும். தரை முழுவதும் டைல்ஸ் பதித்தாலும் இதுவேதான் நடக்கும். தரை வழியாக மெல்ல உலர்ந்துகொண்டிருந்த ஈரமும் சுவருக்கே திரும்பும். பூச்சைக் கொத்தி, கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, உப்பைத் துடைத்து எடுத்து, மீண்டும் சுண்ணாம்பே பூசி வெள்ளையடிப்பதுதான் உங்கள் சுவருக்கு ஏற்றது. வெளியே சுவரடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுத்துவிட்டாலே பாதி ஓதம் குறைந்துவிடும்.

புதிய கழிப்பறை பழைய சுவரை ஒட்டி வெளியே நீள்வதாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் களிமண் அடைமழையில் ஊதி, பங்குனி சித்திரையில் சுருங்கி வெடிக்கும். ஆழமில்லாத புதுக் கடைக்கால் மண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும். பழைய சுவரோ என்றைக்கோ படிந்து நின்றுவிட்டது. இரண்டையும் செங்கல் பல் வைத்துப் பிணைத்தால் முதல் மழையிலேயே இணைப்பில் விரிசல் விடும். எனவே புதுச் சுவரைப் பிணைக்காமல் இடைவெளி விட்டுத் தனியே நிறுத்தி, இடைவெளியை நெகிழ்வான பொருளால் அடைக்க வேண்டும். முடிந்தால் ஏற்கெனவே இருக்கும் ஓர் அறையின் ஒரு பகுதியையே கழிப்பறையாக்கிவிடுங்கள். பரப்பைக் கூட்டிக் கட்டினால் உள்ளாட்சியின் அனுமதியும் தேவைப்படும்.

பதில்: பாமணியாற்றங்கரை, மன்னார்குடி

எங்கள் வீடும் இதே வகையானது. என் மாமியாருக்காகவே நாங்களும் புதுப்பித்தோம். பொறியாளர் ஐயா கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் மனிதர்களைப் பற்றியும், வயதானவருக்கான கழிப்பறையைப் பற்றியும் சொல்கிறேன்.

இருவரிடமும் தனித்தனியே தொலைபேசியில் பேசுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வேலை நடக்கும் இடத்தில் நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எந்த மாற்றமாக இருந்தாலும், என்ன மாற்றம், யார் சொன்னது, அதனால் எவ்வளவு செலவு கூடும் அல்லது குறையும் என்று அதில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்ட பிறகே கொத்தனார் கரண்டியை எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் தொடக்கத்தில் இதற்கு மேஸ்திரி வருத்தப்பட்டார். எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திய இடம் தவறு என்று பேச்சு வந்தபோது, அந்த நோட்டுதான் அவர்மேல் குற்றமில்லை என்று காட்டியது. அதன்பிறகு அவரே அதைத் தேடி எழுதத் தொடங்கினார். வாரம் ஒருமுறை வடிவமைப்பாளரும் மேஸ்திரியும் நீங்களும் ஒரே இடத்தில் நின்று அடுத்த வார வேலையைப் பேசுங்கள். திருச்சியிலிருந்து வாரந்தோறும் வர இயலாது என்றால், எந்தெந்தக் கட்டங்களில் கட்டாயம் நேரில் வருவார் என்பதைக் கட்டணப் பேச்சிலேயே முடிவு செய்து எழுதி வாங்குங்கள். வரைபடம் தருவதோடு தன் பொறுப்பு முடிந்தது என்று எண்ணும் வடிவமைப்பாளர்கள் உண்டு. மேற்பார்வையும் உண்டு என்பதைச் சொல்லித்தான் பெற வேண்டும்.

கழிப்பறை வாசல் விஷயத்தில் வடிவமைப்பாளர் சொன்னதே சரி, விட்டுக்கொடுக்காதீர்கள். இன்று அம்மா நடக்கிறார். நாளை ஒருவர் கைத்தாங்கலாக அழைத்துச் செல்ல வேண்டிவந்தாலோ சக்கர நாற்காலி வந்தாலோ இரண்டரை அடி போதாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே விழுந்தவர் மேல் கதவு முட்டினால் திறக்க முடியாமல் போய்விடும். நிலைக்கு அடியில் வாசற்படி வேண்டாம். தண்ணீர் வெளியே வராமலிருக்கத் தரையை மூலையை நோக்கி வாட்டமாக இறக்கினால் போதும். கம்மோடின் உயரமும் சாதாரண அளவைவிடச் சற்றுக் கூடுதலாக, உட்காரும் இடம் தரையிலிருந்து 18 அங்குலம் வரும்படி இருந்தால் மூட்டுவலி உள்ளவர்கள் எழுவது எளிது. பிடிகம்பியைத்தான் பலர் கடைசியில் நினைக்கிறார்கள். மண் சாந்துச் சுவரில் சாதாரணத் திருகாணி நிற்காது. முழு உடம்பின் பாரத்தையும் தாங்க வேண்டிய கம்பி சுவரோடு பெயர்ந்து கையில் வந்துவிடும். பூச்சு வேலைக்கு முன்பே அந்த இடத்தில் சுவரைப் பெயர்த்துக் கான்கிரீட் கட்டை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட்டால் முடுக்குங்கள். இது வரைபடத்தில் இருந்தாக வேண்டும்.

முற்றத்தைக் கண்ணாடியால் மூடுவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வீடு மூச்சு விடுவதே முற்றத்தின் வழியாகத்தான். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் மூடினால் சித்திரை வெயிலில் கூடமே கொதிக்கும். மழைச் சாரலும் குரங்கும்தான் தொல்லை என்றால், ஓட்டு விளிம்பிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்த்தி, நான்கு பக்கமும் காற்று போகும்படி திறந்துவிட்டுக் கூரை போடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் பக்கத்தில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் காற்றில் பறந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆகவே மெல்லிய தகட்டை வெறும் திருகாணியில் நிறுத்தும் கூரை எதையும் ஏற்காதீர்கள்.

முற்றத்துத் தண்ணீர் வழியை மாற்றலாம் என்று மேஸ்திரி சொன்னதற்குக் காரணம் இருக்கக்கூடும். தெரு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதில், நம் ஊர்களில் திண்ணையே தெருமட்டத்துக்கு வந்துவிட்ட வீடுகள் எத்தனையோ. அப்படியென்றால் தாத்தா வைத்த சாக்கடை வழியாகத் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் தெருத்தண்ணீர் உள்ளே வரும். அதற்குத் தீர்வாக உள்தரையை இரண்டடி உயர்த்தச் சொல்வார்கள். தயவுசெய்து ஒப்புக்கொள்ள வேண்டாம். மரத்தூண்கள் கல் பீடத்தின்மேல் நிற்பது ஈரம் படாமலிருக்கத்தான். பீடம் மண்ணுக்குள் புதைந்தால் தூணின் அடி மக்கிவிடும், வாசல்கள் தலையில் இடிக்கும். கொல்லைப்புறம் தாழ்வாக இருந்தால் தண்ணீரை அங்கே திருப்பலாம். இல்லையென்றால் சிறிய தொட்டியும் மோட்டாரும் வைக்கலாம்.

இன்னொன்று மனத்தில் பதிய வேண்டியது: பழைய மரம். பிரிக்கும் நிலை, கதவு, சட்டம், பித்தளைக் குமிழ் ஒவ்வொன்றையும் படம் எடுத்து எண்ணி எழுதி, அவை வீட்டுக்காரருக்கே உரியவை என்று ஒப்பந்தத்தில் குறியுங்கள். இடிக்கும் பொருள் இடிப்பவருக்கு என்பது பல ஒப்பந்தங்களில் சொல்லாமலே இருக்கும் வழக்கம். ஒரு பழைய தேக்கு நிலையின் விலை உங்கள் புதிய கழிப்பறைக் கதவின் விலையைப்போல் பல மடங்கு.

பதில்: துலாக்கட்டம், மயிலாடுதுறை

நான் ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவன், அப்பாவும் கொத்தனார். மேஸ்திரியின் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் வரைபடத்தைப் பார்க்காததற்கு அலட்சியம் மட்டுமே காரணமாக இருக்காது.

வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டரில் வரைகிறார்கள். எங்கள் ஆட்கள் அடி அங்குலத்தில் வேலை செய்கிறார்கள். 900 என்று எழுதியிருந்தால் அது ஏறத்தாழ 2 அடி 11½ அங்குலம் என்று கொத்தனார் சாரத்தில் நின்றுகொண்டு கணக்குப் போட மாட்டார். குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். வண்ணப் படம் பத்துப் பக்கம் வரும். குழாய் எந்த உயரத்தில், சுவிட்ச் பெட்டி எங்கே, வாட்டம் எந்தப் பக்கம் என்ற பக்கம் மட்டும் வராது. அந்தச் சூழ்நிலையில் மேஸ்திரி தன் கண்ணளவை நம்பித்தான் கோடு போடுவார். எனவே எல்லா வரைபடங்களிலும் அடி அங்குலத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். குறிப்புகளைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறைக்கும் குழாய், மின்சாரப் புள்ளிகளுக்கென்று தனிப் பக்கம் கேளுங்கள். வேலை தொடங்குமுன் அந்த அளவுகளைச் சுவரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடாகப் போட்டுப் பார்த்து, அம்மாவையே அதில் நடக்கச் சொல்லுங்கள். இரண்டரை அடியா மூன்றடியா என்ற வாக்குவாதத்துக்கு அவ்விடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

சதுர அடி விலை புது வீட்டுக்குப் பொருந்தும். புதுப்பிக்கும் வேலைக்கு அது இரு தரப்புக்குமே நல்லதல்ல. கொத்தினால் உள்ளே என்ன வரும் என்று தெரியாத நிலையில் விலை கேட்டால், நாங்கள் பயத்துக்கும் சேர்த்து விலை சொல்வோம். அப்படியும் போதாமல் போனால் பொருளில் குறைக்கத் தோன்றும். கொத்திப் பார்க்கும் வேலை, பிரிக்கும் வேலை இரண்டையும் நாள்கூலிக்கு விடுங்கள். உள்ளே இருப்பது தெரிந்த பிறகு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு, கட்டுவேலை கன அடிக்கு இவ்வளவு, ஓடு மாற்றிப் போட இவ்வளவு என்று வேலைவாரியாக விலை பேசி, முடிந்ததை அளந்து பணம் கொடுங்கள். பொருளை நீங்களே வாங்குவது நல்லது. எம்-சாண்ட் வாங்கும்போது ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதை நினைவில் வைத்து, லாரியில் இருக்கும்போதே டேப்பால் நீளம் அகலம் உயரம் அளந்துவிடுங்கள். இறக்கிய பிறகு அளப்பது கடினம்.

பாதிப் பணம் முன்பணம் என்பது அதிகம்தான். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்தால், மேஸ்திரிக்கு ஆட்களைத் திரட்டவும் சாரம் வாடகைக்கும் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை மட்டும் தாமதிக்காதீர்கள். சித்தாள், பெரியாள் எல்லாரும் அன்று மாலைப் பணத்தை நம்பி வருபவர்கள்; ஒரு வாரம் தவறினால் அடுத்த திங்கட்கிழமை அவர்கள் வேறு வீட்டில் இருப்பார்கள்.

சுண்ணாம்பு வேலைக்கும் ஒரு சொல். இன்றைய கொத்தனார்களில் பலருக்குச் சுண்ணாம்புச் சாந்து கைவராது. சிமென்ட் கலவையைப்போல் அன்றன்றைக்குக் கலந்து பூசும் பொருளல்ல அது. சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று காயவிட்டுப் பூச வேண்டும். உங்கள் மேஸ்திரிக்குப் பழக்கமில்லை என்றால் அந்த வேலைக்கு மட்டும் தெரிந்த ஆளைத் தனியே அமர்த்துங்கள். கோயில் திருப்பணிகளில் வேலை பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். மேஸ்திரிக்கு இதில் மனத்தாங்கல் வராதபடி முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கால அட்டவணையில் ஊர் நடப்பையும் சேருங்கள். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் சித்தாள்களில் பலர் வயலுக்குப் போவார்கள். ஆடியில் புது வேலை தொடங்க வீட்டாரே தயங்குவார்கள். ஓடு பிரிக்கும் வேலையும் சுவரைக் காயவிடும் வேலையும் வைகாசிக்குள் முடிந்துவிட வேண்டும்.

கேள்வியாளரின் மறுமொழி: அரசலாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூடத்தில் அண்ணாந்து பார்த்தேன்; கட்டைகளின் முனைகள் அந்த நடுச்சுவரில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன. வடிவமைப்பாளரிடம் சொன்னேன். அவர் ஆர்க்கிடெக்ட் அல்லர், உள்ளலங்காரப் பயிற்சி பெற்றவர் என்பதை வெளிப்படையாகவே சொன்னார். கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்துவதற்கும், முழுச்சுவருக்குப் பதில் நான்கடித் திறப்பாக மாற்றுவதற்கும் அவர் உடனே இசைந்துவிட்டார். மேஸ்திரியும் வேலைவாரி விலைக்கு ஒத்துக்கொள்கிறார். இவற்றையெல்லாம் ஒப்பந்தமாக எழுதும்போது தவறாமல் சேர்க்க வேண்டியவை எவை? பிற்பாடு மனக்கசப்பு வந்தால் முறையிட வழி உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர், திருவாரூர்

மூவரும் இசைந்தது நல்ல செய்தி. ஒப்பந்தத்தைத் தமிழில், மேஸ்திரி தாமே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். எந்தத் தேதியிட்ட, எந்த எண்ணுள்ள வரைபடங்களின்படி வேலை நடக்கும் என்பது முதலில் வர வேண்டும். பின்னர் திருத்திய படம் வந்தால் பழையதைத் தளத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், இரண்டு படங்கள் ஒரே சுவரில் ஒட்டியிருப்பதைப்போல் குழப்பம் தருவது வேறில்லை. தாங்கு அமைப்பைத் தொடும் எதிலும் பொறியாளர் சொல்வதே இறுதி, அளவும் தோற்றமும் வடிவமைப்பாளர் பொறுப்பு, செய்முறையும் ஆட்களும் பாதுகாப்பும் மேஸ்திரி பொறுப்பு, செலவைக் கூட்டும் எந்த மாற்றத்துக்கும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்பதைப் பெயர் குறித்து எழுதுங்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

பணத்தை நாள் கணக்கில் பிரிக்காமல், முடிந்த வேலையின் கணக்கில் பிரியுங்கள். மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டையாவது நிறுத்திவைத்து, ஓர் அடைமழைக்காலம் கடந்து கார்த்திகை முடிவில் கொடுப்பதாக எழுதுங்கள். ஓடு ஒழுகுகிறதா, கழிப்பறை இணைப்பில் விரிசல் விடுகிறதா, மலக்குழாய் வாட்டம் சரியா என்பதையெல்லாம் மழைதான் காட்டும். மலக்குழாய் நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பத்தடி நீளத்துக்கு மூன்று அங்குலம் என்ற கணக்கில் வாட்டம் இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு உறை இறக்கும் இடத்தைச் சுவரிலிருந்து இயன்றவரை தள்ளிக் குறிக்கச் சொல்லுங்கள். நிலத்தடி நீர் மேலே வரும் மாதங்களில் அந்தக் கழிவுநீர் கடைக்காலைத் தேடி வரும்.

முறையிட வழி உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவையாகவே கணக்கில் கொள்கிறது. குறைபாடு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஆணையம் கேட்பது ஒப்பந்தம், ரசீது, படம், கடிதம். ஆகவே ரொக்கமாகக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்குங்கள். மன்னார்குடி அம்மையார் சொன்ன அந்தக் கணக்கு நோட்டும் அங்கே சான்றாகும்.

கழிப்பறைக்கு மேல் கான்கிரீட் தளம் வருவதானால் அதன் முட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீர்கள். நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்குக் குறைந்தது 7 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000 சொல்வது சாதாரண சிமென்டுக்கு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த, மெல்ல இறுகும் பி.பி.சி. சிமென்ட் என்பதால் நான் இன்னும் ஒரு வாரம் சேர்த்தே சொல்வேன். தண்ணீர் விடுவதும் 10 நாளுக்குக் குறையக்கூடாது. நடுச்சுவரில் திறப்பு வைக்கும் வேலைக்கு சவுக்குக் கம்பு முட்டுகளை நம்ப வேண்டாம், திருகி உயர்த்தும் இரும்பு ஜாக்கிகளையே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். அவற்றை வைக்கும்போதும் பிரிக்கும்போதும் பொறியாளர் நேரில் நிற்க வேண்டும், அந்த இரு நாள்களிலும் அம்மாவை உறவினர் வீட்டில் தங்கவையுங்கள்.